பதினொன்று புள்ளி நான்கு

பள்ளத்தூரில் கிளம்பினால்
மேடு என்று காலுக்குக் காட்ட
ஊருணிக் கரை ஒன்றுதான்.
பேரிலே பள்ளம் இருக்கிறது,
தரையில் அதுவும் கிடையாது.

நாலு நாற்பதுக்கு லேஸில் இரட்டை முடிச்சு.
கையில் சின்னக் கம்பு,
நாய்க்கு என்று சொல்லிக்கொள்வது.
முதல் கிலோமீட்டர் முழுக்க
உடம்பு வழக்காடும்,
ராத்திரி தின்ற பரோட்டா
சாட்சிக் கூண்டேறி நிற்கும்.
தைலமரத் தோப்பு தாண்டியதும்
வழக்கு தள்ளுபடி.

சமதரையில் ஓடுவது சுலபம் என்பவர்
ஒருநாள் இங்கே வரட்டும்.
போய்ச் சேரும் இடம்
முதல் எட்டிலேயே தெரிந்துவிடுகிறது:
செல்போன் கோபுரத்துச் சிவப்பு விளக்கு,
அதற்கு இந்தப் பக்கம் கோயில் கோபுரம்.
இருபது நிமிஷம் ஓடினாலும்
இரண்டும் அதே உயரம்.
எதிரே வரும் பால்வண்டி மட்டும்
வரவரப் பெரிதாகி
ஹாரன் அடித்துப் போகும்.

செட்டிநாடு ஸ்டேஷன் கேட்டில் ரோஸ்லின்.
ராமேஸ்வரம் வண்டி கடக்கும்வரை
நின்ற இடத்திலேயே குதிக்கிறேன்.
"நிக்கிறப்பவும் ஓடணுமா?"

கடிகாரத்தை நிறுத்தினால் அது பொய்,
நிறுத்தாவிட்டால் என் வேகம் பொய்.
இதை ஒருநாள் அவளிடம் சொன்னேன்.
"வண்டி லேட்டுன்னா நான் நோட்டுல எழுதணும்.
ஒன்ன யாரு கேக்கப் போறா?"
என்றாள், கொடியைச் சுருட்டியபடி.

கானாடுகாத்தான் தெருக்கள்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவை.
ஒரு தெருவில் முகப்பு,
அடுத்த தெருவில் பின்வாசல்,
நடுவே நீளப் படுத்திருக்கும் வீடு.
மூலைவீட்டைச் சுற்றி
வாசலில் இருந்து வாசலுக்கு
எனக்கு இருநூற்று முப்பது எட்டு.
மாடியில் சுதை லட்சுமிக்குப் பக்கத்தில்
துப்பாக்கி பிடித்த சுதைச் சிப்பாய்,
சட்டையில் நீலம் உதிர்ந்தவன்,
தினமும் என் நேரத்தைக் குறித்துக்கொள்வான்.

தை நாலாம் தேதி
அந்தக் கதவு திறந்து கிடந்தது.
கல்யாணம். லாரியில் இருந்து
அண்டாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
நிலைக்குள் நிலை, நிலைக்குள் நிலை,
கடைசியில் தபால்தலை அளவுக்கு
அடுத்த தெரு.
அதில் ஒரு பசு நின்றது.

வாட்ச்மேன் சேவுகப்பெருமாள்
வாயில் பிரஷ்ஷோடு சொன்னான்:
"தெனம் சுத்திட்டே போறீங்களேக்கா,
இன்னிக்கு ஊடால போங்க."
ஷூவைக் கழற்றணுமா என்றேன்.
துப்பிவிட்டு யோசித்தான்.
"ஓடுனா தெரியாது."

ஓடினேன்.
முகப்பின் வழுவழுப்பு, பிறகு வளவு,
திடீரென்று தலைக்கு மேல் சதுரமாய் வானம்.
சுற்றிலும் அறைகள்,
பதினேழு பங்குக்குப் பதினேழு பூட்டு.
என் காலடி சுவரில் பட்டுத் திரும்பி
இன்னொருத்தி பின்னால் ஓடிவருவதாக இருந்தது.
அவள் என்னைவிட வேகம்.

இரண்டாம் கட்டில்
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஐந்து பேர்
கத்தியோடு எழுந்து நின்றார்கள்.
"என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"
ஓடுகிறவளுக்கு ஒரு காரணம் வேண்டும்.
"ஒண்ணும் ஆகலண்ணே!"
என்று கத்தியதில் மூச்சு பிசகி
பின்வாசலில் வந்து விழுந்தேன்.
பசு ஒதுங்கி வழி விட்டது.

வீடு திரும்பிப் பார்த்தால்
பதினொன்று புள்ளி மூன்று.
ஓட்டுக்கூரையின் கீழ் வானத்தைத் தொலைத்த கடிகாரம்
வரைபடத்தில் ஒரு வீட்டின் குறுக்கே
ஒரே கோடாக இழுத்திருந்தது.
குறைந்தால் என் கேட்டுக்கு முன்னால்
குட்டிபோட்ட பூனை மாதிரி நடந்து நிரப்புவேன்.
அன்று அப்படியே விட்டேன்.
பத்து மணிக்கு வங்கிக் கவுண்டரில்
மூன்று லட்சத்துச் சொச்சத்தை
ஒரு ரூபாய் பிசகாமல் கட்டினேன்.
சாயங்காலம் ஷூவைக் கவிழ்த்தபோது
அடியில் வெங்காயச் சருகு.

மறுவாரம் பூட்டு தொங்கியது.
அண்டா இல்லை, பசு இல்லை,
சேவுகப்பெருமாளின் நாற்காலியில்
காயப்போட்ட துண்டு.
வழக்கம்போல் சுற்றினேன், எண்ணினேன்.
இருநூற்றுப் பதினெட்டு.
வேகம் கூடியிருக்கலாம்.
அல்லது எண்ணிக்கையின் நடுவில் எங்கோ
ஒரு கதவு திறந்து கிடந்து
நான் உள்ளே போய் வந்திருக்கலாம்.

ரோஸ்லினைக் கேட்க வேண்டும்.
நோட்டு வைத்திருப்பவள் அவள்தான்.