மிச்சம் பதினொரு நிமிடம்

புந்தா அரேனாஸ். ஜூலை. ஐந்து மணிக்கே இருட்டு.
காற்று மிஞ்சுகிற நாளில் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
கயிற்றைப் பிடித்தபடி வருகிறவர்களுக்கும்
படம் வேண்டும்.

ரதோமிரின் வீடியோ கடை. கல்லாவுக்கு மேல் ஒரு சீட்டு:
தொப்பி தெரிந்தால் கௌபாய்.
கத்தி தெரிந்தால் திகில்.
இரண்டும் தெரிந்தால்
அட்டையில் எது பெரிதோ அது.

திகில் எடுத்துப்போகிறவன்
பயப்படத்தான் காசு கொடுக்கிறான்.
கதவு கிறீச்சிடும், அது அவனுக்குத் தெரியும்.
எந்தக் கதவு என்பதுதான் தெரியக்கூடாது.
கிறீச்சிடாவிட்டால் திங்கட்கிழமை சண்டைக்கு வருவான்.
நினைத்த கதவே கிறீச்சிட்டாலும் வருவான்.
நிக்கானோர் இருவருக்கும் தலையாட்டுவான்.

எடுவினாவுக்கு வெள்ளிதோறும் ஒரே படம்.
அட்டையில் ரயில் நிலையம், கைக்குட்டை, மழை.
சோக அலமாரி, இரண்டாம் தட்டு.
ரீவைண்ட் செய்யாமலே திருப்பித் தருவாள்.
அபராதம் நூறு பெசோ. பேசாமல் வைப்பாள்.

ஒருநாள் நாடா நின்ற இடத்திலிருந்தே ஓடவிட்டான்.
ரயில் இன்னும் கிளம்பவில்லை.
நடைமேடையில் இருவரும் சிரிக்கிறார்கள்,
அவன் தொப்பி அவள் தலையில்.
அடுத்த வாரமும் அதே தொப்பி. அதற்கடுத்ததும்.
மிச்சம் பதினொரு நிமிடத்தை அவள் பார்ப்பதேயில்லை.

அப்படியானால் அவள் வீட்டில் ஓடுவது
நகைச்சுவைப் படம்.

எடுத்தவன் சோகம் என்றான்,
அட்டை அச்சடித்தவன் காதல் என்றான்,
ரதோமிருக்கு அது வாடகைக்குப் போகிற படம்.
அகம், புறம் என்று இரண்டே அலமாரி வைத்துக்
கடை நடத்தியவர்கள் நாம்;
நமக்கே கைக்கிளையை எங்கே வைப்பதென்று தகராறு.

ஒரு சனிக்கிழமை நிக்கானோர்
கேசட்டை நகைச்சுவைக்கு மாற்றினான்.
அன்றிரவே ஒரு மாலுமி எடுத்துப்போனான்,
சிரிப்பதற்காக.
விடிந்தபோது வாசலில் நிற்கிறான், கண் சிவந்து.
"பணத்தைக் கொடு."
கொடுத்தான். மாலுமி போகவில்லை.
"அந்தத் தொப்பி," என்றான். "பெஞ்சிலேயே கிடந்தது."

வெள்ளி. சோகத் தட்டில் விரலை ஓட்டுகிறாள் எடுவினா.
இடைவெளி.
எதிர் அலமாரியில் கண்டெடுத்து
முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறாள்.
நிக்கானோர் ரசீது எழுதுவதுபோல் குனிந்துகொள்கிறான்.
"ஓ, இங்கேயா" என்கிறாள்.
கேள்வியா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை கேசட் வந்தது, மேலே நூறு பெசோ.
நாடா முழுதும் வலது சுருளில்.

அன்று முழுக்க அது கல்லா மேலேயே கிடந்தது.
கேட்டவர்களிடம்
வெளியே போயிருக்கிறது என்றான்.