கஞ்சிக்குக் காரணம்

நடுவட்டத்தில் காற்றுக்கு வேலைநேரம் கிடையாது.
ஜெயில் கொட்டடியின் பலகை இடுக்குகளில்
இரவெல்லாம் ஊசி கோத்துக்கொண்டிருக்கும்.

நாற்பத்தேழாம் நம்பருக்குக் காய்ச்சல்.
பதிவேட்டில் அவன் பெயர் மூன்று விதமாய் இருக்கிறது:
ஆலோக், ஆலாக்,
ஒரே ஒரு முறை, ஆரோக்கியம்.

பகலில் சிங்கோனா மரங்களில் பட்டை உரிப்பவன்.
அதே பட்டையின் சத்து
என் அலமாரியில், சீமைச் சீட்டு ஒட்டிய சீசாவில்.
ஒரு அவுன்ஸ் ஊற்றி நீட்டினேன்.
உதட்டை இறுக்கிக்கொண்டான்.
"இது வேற காய்ச்சலுக்கு."

பினாங்கில் செட்டியார் கிட்டங்கி வாசலில்
மூட்டையோடு தூக்கிய தமிழ்.
"வேர்வை வருது. குளிரும் வருது.
காத்து, எதிரி. கழுத்து, கட்டை.
இதுக்கு அஞ்சு."
கையை விரித்தான்.
கட்டைவிரலிலிருந்து மடக்கத் தொடங்கினான்.

இஞ்சியைச் சொல்லத் தெரிந்தது.
இலந்தைக்கு, கொட்டை துப்பிக் காட்டினான்.
அதிமதுரத்துக்கு என் பேனாக்கட்டையை வாங்கி
கடைவாயில் வைத்துக் குழந்தைபோல் சப்பினான்.
கருவா. "பட்டை இல்லை. குச்சி. நுனிக் குச்சி."
இந்த மலையில் பட்டைக்குத்தானே மதிப்பு என்றேன்.
சிரிக்கவில்லை.

சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நின்றது.
கரித்துண்டு கேட்டான்.
கோசு அளவுக்கு ஒரு பூவைச் சுவரில் வரைந்து
பூவை உள்ளங்கையால் அழித்துவிட்டு
வேரை மட்டும் விட்டுவைத்தான்.

கூடலூர்ச் சந்தையில் நாலும் கிடைத்தன.
குச்சியைக் கடைக்கார மாப்பிள்ளை சும்மாவே தந்தார்,
"அடுப்புக்கா?" என்று கேட்டு.
ஐந்தாவதுக்கு ஊட்டிக்கு ஆள் அனுப்பினேன்.
ஏதோ பங்களாத் தோட்டத்து டேலியாக் கிழங்கு வந்தது.
முகர்ந்தான். ஒரு முனையைக் கடித்தான்.
பக்கத்துப் பாய்க்காரனிடம் கொடுத்தான்:
"கறிக்கு ஆகும்."

"கருவா, கதவு திறக்கும்.
அது" என்று சுவரைக் காட்டினான், "கதவு சாத்தும்.
திறக்க மட்டும் ஆள் இருந்தா
வீடே வெளியே போயிடும்."
மூன்று பூட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
சாத்துவதற்கு ஒரு வேர் கேட்டான்.

நாலை வைத்தே காய்ச்சினோம்,
ஏழு ஆழாக்குத் தண்ணீர் மூன்றாகும்வரை.
வார்டர் காசிலிங்கம் வாசனை பிடித்து வந்து
"யாருக்கு விடுதலை? பாயசம் வைக்கிறீங்க?" என்றார்.

குடித்த கையோடு அடுத்ததைச் சொன்னான்:
கஞ்சி. சூடா, தண்ணியா. அப்புறம் கம்பளி.
"கஞ்சி இல்லாம மருந்து நடக்காது."
பஞ்சத்தில் பிறந்தவன் நான்.
இதை எனக்குச் சொல்ல
ஒருவன் விலங்கோடு கடல் தாண்டி வரவேண்டுமா?

அவன் கம்பளியை உதறிய நேரம்
சீசாவைக் கஞ்சியில் சாய்த்தேன்.
ஆமாம், செய்தேன்.
போன மாதம் இரண்டு பேருக்குக் குழி வெட்டினோம்.
எனக்கும் ஒரு கணக்கு உண்டு.

முதல் மடக்கு.
நிறுத்தினான். நாக்கில் உருட்டினான்.
இரண்டு வருஷமாய் நகக்கண்ணில் குடியிருக்கும் கசப்பு
அவனுக்கா தெரியாது?
என்னை நிமிர்ந்து பார்த்தான், வெகுநேரம்.
காற்றுகூட ஒருமுறை ஊசியைக் கீழே வைத்தது.

பிறகு இடது கையை உயர்த்தி
சுண்டுவிரலை
மெல்ல மடக்கினான்.
மீதிக் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தான்.

விடியும்முன் விளக்கோடு போனேன்.
நெற்றியில் பொடிப்பொடியாய் வேர்வை,
வழியவில்லை. அவ்வளவுதான் வேணும்
என்று சொல்லியிருந்தான்.

மாதக் கடைசியில் கணக்கு.
அரிசி, அரைப்படி, உபரி.
பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
பேனாக்கட்டையில் அவன் பல் பதிந்த தடம்.
இஞ்சியா, குச்சியா, சீசாவா,
அழித்த பூவா?
யோசித்து, 'காற்று' என்று எழுதினேன்.
துரை படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.