சான்றுப் பொருள் இரண்டு

மகஜரில் முதலில் ரிவால்வரை எழுதினேன்.
அதற்குக் கீழே
"சிலிண்டர் ஒன்று, தனியாக" என்று எழுதும்போது
இன்ஸ்பெக்டர் கேட்டார்:
துப்பாக்கியிலேயே ஒன்று இருக்கிறதே, இது எதற்கு?

காசிமேடு. ஐஸ் கம்பெனியின் ஆபீஸ் அறை.
பேனா மூடியில்கூட அம்மோனியா நெடி.
அண்ணன் லாம்பெர்ட் நாற்காலியில்.
தம்பி ஆக்னெல் கதவுக்கு வெளியே
ஈரக் கோணிமேல்,
உயிரோடு இருப்பது
இன்னும் பழகாதவனாக.

குழலுக்கு அடியில் இருக்கும் அச்சை
உருவிக் காட்டினேன்.
உருளை கழன்று உள்ளங்கையில் விழுந்தது.
இதை எடுத்துவிட்டு அதைப் போடலாம், சார்.
இட்லிப் பானை ஒன்றுதான்,
தட்டு வேறு.

ஒன்று, விளிம்புள்ள தோட்டாவுக்கு.
ஆணிக்குத் தலை இருப்பதுபோல
அடியில் ஒரு விளிம்பு;
வாசலிலேயே பிடித்துக்கொள்ளும்.
மற்றது விளிம்பில்லாததற்கு.
அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை,
வாயை ஊன்றித்தான் நிற்க வேண்டும்.
அறைக்குள்ளே டார்ச் அடித்தால் மட்டும் தெரியும்
ஒரு படி,
மயிரிழை அகலம்.
பித்தளை வாய் அதில் முட்டி நின்றால்தான்
குதிரை விழும்போது
ஊசி எட்டும்.

உருளை மாறிப்போனால்?
படி எங்கோ தூரத்தில் இருக்கும்.
சம்ப்பில் விழுந்த சொம்பு மாதிரி
தோட்டா முன்னால் வழுக்கிப் போய்விடும்.
ஊசி அடிக்கும்,
காற்றை.

கதவைத் திறந்து மூக்கை மேலே தூக்கி
அறை அறையாகத் திருப்பினேன்.
தள்ளும் குச்சியைத் தொடவே இல்லை.
ஐந்தும் தாமாக வந்து விழுந்தன
டெலிவரி நோட்டின்மேல்.
விளிம்பில்லாதவை.
பின்பக்கத்தைப் பார்த்தேன், ஒவ்வொன்றாக.
ஒரு பள்ளம் இல்லை, ஒரு கீறல் இல்லை.

மூன்று தடவை 'டிக்' கேட்டது என்கிறான் ஆக்னெல்.
இந்தத் துப்பாக்கியில்
குதிரை தானாக எழாது.
ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் வைத்து
இழுக்க வேண்டும்.
முதல் தடவைக்குக் கோபம் என்று எழுதலாம்.
பங்குப் பணம், டீசல் பாக்கி,
அப்பாவின் கையெழுத்து என்று
எவ்வளவோ இருக்கிறது எழுத.
மூன்றாவதற்கு
என்ன எழுதுவது?

மேஸ்திரி தேசப்பன் சாட்சி சொன்னான்:
"கண்ண கட்டிவுட்டாகூட மாத்துவாரு மேடம்.
இருவது வருசமா சுடுறாரு,
அதுல தப்பே வராது."
அண்ணனைக் காப்பாற்றத்தான் சொன்னான்.
இன்ஸ்பெக்டர் வேறு மாதிரி தலையாட்டினார்.

லாம்பெர்ட்டைக் கேட்டேன்.
தெரிந்து மாற்றினீர்களா, தெரியாமலா?
மேசையைப் பார்த்தார்.
"நேத்து இன்னா போட்டேன்னு
எனக்கே தெரில."
பொய்யா என்றும் எனக்குத் தெரியவில்லை.
விரல் மட்டும்
எதையோ பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது.

எழுதினேன்:
சிலிண்டர் ஒன்று. எண்ணெய் பூசியது.
மஞ்சள் பிளானல் துணியில் சுற்றியது.
மேசையின் வலதுபக்க இழுப்பறையில்,
எட்டும் தூரத்தில்,
பூட்டப்படாதது.
"எட்டும் தூரத்தில்" வேண்டாம் என்றார் இன்ஸ்பெக்டர்.
அடித்தேன்.
அடித்தாலும் படிக்க முடிகிறது.

ஜீப்பில் ஏற்றும்போது
உள்ளே கம்ப்ரசர் சத்தம் மாறியது.
எனக்குத் தெரியாது,
தேசப்பனும் கவனிக்கவில்லை.
அவர்கள் இருவரும்தான்
ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"ஆயில் பாத்தியா?"

ஆக்னெல் பதில் சொல்லவில்லை.
கோணியிலிருந்து எழுந்து
உள்ளே போனான்.