செவ்வாய்க்கிழமை ஆங்கிலம்

லங்காப்பில், மோட்டார் கடைக்கு மேல்மாடி.
படியேறும்போதே கிரீஸ் வாசம்.
ஏழு பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றுக்குக் கால் ஆட்டம்.
மருந்துக்கடைக் கல்லாவில் நிற்கும் நிஷாலினி
வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து
பலகையில் எழுதுகிறாள்: பெயின்.

பெயின் என்றால் வலி.
எந்த வலி என்று கேட்டேன்.
குத்துவதா, குடைவதா, கடுப்பதா,
சுருக்கென்று இழுத்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் போய்விடுவதா,
விண்விண்ணென்று தெறிப்பதா,
அடிவயிற்றைத் துணி பிழிகிற மாதிரி பிழிவதா.
மார்க்கர் மூடியைக் கடித்தபடி யோசித்தாள்.
"அக்கா, டாக்டருக்கு அவ்வளவு நேரம் இருக்காது."

மலாய் எனக்கு வரும்.
சந்தைக்கு, மண்டோருக்கு, தராசுக்காரனுக்குப் போதும்.
உடம்பென்று வந்தால் சாக்கிட் என்று ஒரே சொல்.
பல்லும் சாக்கிட், மனசும் சாக்கிட்.
தோட்டம் சீட்டு எழுதி அனுப்புகிற கிளினிக்கிலோ
ரங்கூனிலிருந்து வந்த டாக்டர்.
அவருக்கு அந்த ஒரு சொல்லும் அரைகுறை.

இதுவரை என் வாய் என் மகன்தான்.
சர்வின். பதினான்கு வயது.
நான் பத்து வாக்கியம் சொன்னால்
அவன் இரண்டு சொல்லில் முடிப்பான்: ஸ்டமக் பெயின்.
வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை, வீடு.
அவனிடம் எப்படிச் சொல்வேன்,
மாதாமாதம் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்பதில்லை என்று,
உதிர்ப்பழம் பொறுக்கப் போகும்போது
கைலிக்குள் இன்னொரு கைலி கட்டிக்கொள்கிறேன் என்று.
அவனுக்குக் காது சிவக்கும்.
எனக்கு நாக்கு எழாது.

அதற்காகத்தான் செவ்வாய்.
பக்கத்து நாற்காலியில் லாரி ஓட்டும் வீரப்பிள்ளை, இனிப்புநீர்க்காரர்.
தலைசுற்றலுக்கு உண்டான சொல்லை
உள்ளங்கையில் எழுதி,
பரீட்சைக்குப் போகும் பையனைப்போல் மூடிக்கொள்வார்.
ஒருநாள் எல்லோரையும் எழுப்பி
தலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லச் சொன்னாள்.
இடுப்புக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே
வகுப்பு முழுக்கச் சத்தமே இல்லை.
கீழே யாரோ ஒரு ஹோண்டாவை உறுமவிட்டுப் பார்த்தார்கள்.
அந்த இரைச்சலில் என் காதுக்கு மட்டும் சொன்னாள்:
பிளீடிங்.

மட்டை இழுக்கும்போது, சாக்கு கட்டும்போது
பல்லுக்குள்ளேயே வைத்துப் பழகினேன்.
பிளீடிங், டாக்டர். டூ மச். எவ்ரி மந்த்.
இருபது ஏக்கர் செம்பனைக்கும்
என் வியாதி தெரிந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை போனேன்.
மகனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து
கதவைச் சாத்தினேன்.
சொன்னேன். ஒரு சொல்லும் சிந்தவில்லை.
வலி பத்துக்கு எத்தனை என்றார்.
பத்தென்றால் வேலை போகும்,
மூன்றென்றால் மஞ்சள் மாத்திரை.
மீன்காரனிடம் பேரம் பேசுகிறவளாய் ஏழு என்றேன்.
சின்ஸ் வென்? என்றார்.

அது பாடத்தில் வரவில்லை.
சின்ஸ் யாரென்று தெரியாது; வென் தெரிந்தது.
தேதி ஞாபகமில்லை. முறுக்குச் சட்டிக்கு முன்னால்
எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க
அடுப்பை அணைக்கவும் முடியாமல்
அப்படியே தரையில் உட்கார்ந்தது ஞாபகமிருந்தது.
"தீபாவளி, டாக்டர்."

அவர் விரல்விட்டு எண்ணினார்.
நவம்பர், டிசம்பர்...
ஐந்தாவது விரலில் பேனாவைக் கீழே வைத்தார்.
முதல்தடவையாக என்னைப் பார்த்தார்.

வெளியே சர்வின் போனிலிருந்து தலை தூக்கினான்.
"என்னம்மா சொன்னாரு?"
"இங்கிலீஷ்ல சொன்னாரு. உனக்குப் புரியாது."

பஸ்ஸில் கடிதத்தைப் பிரித்தேன்,
தெலுக் இந்தான் பெரியாஸ்பத்திரிக்கு எழுதியது.
என் பெயர் இருந்தது. வயது நாற்பத்தொன்று.
பிளீடிங் இருந்தது, எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்தேன்,
கூட்டத்தில் தெரிந்த முகம்.
அதற்கடுத்த சொல் நீளம். எஃப்பில் தொடங்குகிறது.
விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே வந்தேன்.
இன்று வெள்ளி.
செவ்வாய்க்கு இன்னும் நான்கு நாள்.