முப்பது ரூபாய்க்கு கேரண்டி

ஆம்பூர் கஸ்பாவில்
மாடிப்படிக்கு அடியில் கடை.
குனிந்துதான் உள்ளே வரவேண்டும்,
முதலாளியான நானும்.

செவ்வாய்தோறும் ஏலகிரி எக்ஸ்பிரஸ்.
பர்மா பஜாரில் ஒரு மாஸ்டர் சிடி, நூற்றைம்பது.
விடிவதற்குள் அது நாற்பதாகிவிடும்.
ஒன்று முப்பது ரூபாய்.
அசல் விலை
இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்து
அக்கா சகாயராணி ஒரு மாதம் வாங்குவதற்கு
நூறோ என்னவோ குறைவு.

ஆகவே எனக்கு உறுத்தல் கிடையாது.
"ஒரு ஜோடி ஷூவை எடுத்தா
ஒரு ஜோடி குறையும்.
இதுல இன்னா குறையுது, சொல்லு?" என்பேன்.
யாரும் கேட்டதில்லை.
ஆனாலும் சொல்வேன்.

ஏழாம் கட்டத்தில் பாலம் வராது அந்த கேமில்.
திருட்டுப் பிரதி என்று அதற்கே தெரிந்துவிடும்.
வீரனை ஆற்றங்கரையில் நிறுத்திவைத்து
மழையை மட்டும் பெய்யவிடும்.
மணல் லாரி மட்டுமே ஓடும் எங்கள் பாலாற்றைப் பார்த்து வளர்ந்த பையன்கள்
அவ்வளவு தண்ணீரைக் கண்டு முதலில் மகிழ்ந்தார்கள்.
பிறகு சிடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.
"அண்ணா, கேரண்டின்னியே?"
சொல்லியிருந்தேன்.
வேறு சிடி கொடுத்தேன்.
அதிலும் மழை.

எந்த நாட்டிலோ எவனோ பூட்டை உடைத்து
பாலத்தோடு ஒரு பிரதி வந்தது.
அவனுக்கும் நான் காசு கொடுக்கவில்லை.

அப்போதுதான் ஒரு வேலை செய்தேன்.
பதினொரு இரவு கண்விழித்து ஆடி
எந்தச் சாவி எந்தக் கதவுக்கு,
எங்கே எகிறணும், எங்கே எகிறக் கூடாது,
எல்லாம் தமிழில் எழுதினேன்.
கோட்டையின் வரைபடம் கைப்பட.
வேலூர்க் கோட்டை அகழியைப் பார்த்துத்தான்
அகழிக்கு நெளிவு போட்டேன்.
ஆறு பக்கம். ஜெராக்ஸ் எடுத்து
சிடியோடு வைத்தேன், சும்மா.

நாலாம் நாள்
எதிர்வரிசை புருஷோத்தமன் கடையில்
அதே சிடி இருபத்தைந்துக்கு. அதே ஆறு பக்கம்.
மூன்றாம் பக்கத்தில் நான் சிந்திய டீக்கறை
கறுப்பாக விழுந்திருந்தது.
என் பேர் இருந்த இடத்தில் மட்டும்
வெள்ளைத்தாள் ஒட்டி எடுத்திருந்தான்.

சட்டையைப் பிடித்துவிட்டேன்.
"திருட்டுப் பயலே, என்னுதுடா இது!"
மீன் வாங்க வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.
அவன் பொறுமையாகக் கேட்டான்:
"உன் சீட்டு உன்கிட்டதானே இருக்கு?
இதுல இன்னா குறையுது, சொல்லு?"

அந்த வாக்கியமும் என்னுடையதுதான்.

இப்போது கடை இல்லை.
போன தீபாவளித் தள்ளுபடியில்
அந்த கேமின் அசலை வாங்கினேன்,
இருநூற்றுப் பத்தொன்பது ரூபாய்.
செய்த கம்பெனி மூடி ஒன்பது வருடமாம்.
பெயரை வேறு எவனோ வாங்கி வைத்திருக்கிறான்,
காசு அவனுக்குத்தான் போயிருக்கும்.
எங்கள் முப்பது ரூபாய்களால் மூடியதா,
எங்களால் ஒருநாளும் வாங்கமுடியாத விலையால் மூடியதா,
தெரியவில்லை.
எனக்குச் சாதகமான பதிலைத்தான்
நான் நம்புவேன் என்பது மட்டும் தெரியும்.

கடைசிக் கட்டம் முடித்த இரவு
பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின.
அந்தக் காலப் பிரதியில் இது இருக்காது,
இடம் மிச்சமாகட்டும் என்று வெட்டியிருப்பார்கள்.
கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அக்கா
விரல்களில் பசை காயாமல்
பின்னால் வந்து நின்றாள்.

"யாருடா இவங்கெல்லாம்?"
"இதைச் செஞ்சவங்க."
"இத்தனை பேரா? எங்க லைன் மாதிரி இருக்கே."
கொஞ்ச நேரம் படித்தாள்,
எழுத்துக்கூட்டி, வாய்க்குள்.
"இவங்களுக்கு பீஸ் ரேட்டா, மாசச் சம்பளமா?"

தெரியாது என்றேன்.
பெயர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.