மூன்றாவது சிலிண்டர்

எடைக்குப் போட்டால் என்ன வரும் என்று
முதலில் கேட்டது நான்தான்.
பேட்டையில் முப்பத்திரண்டாயிரம் என்றார்கள்.
டயர் நல்லா கெடக்கு, அதனாலதான் இவ்வளவு, என்றார்கள்.

வண்ணார்பேட்டையில் தண்ணீர் ஏறிய அந்த டிசம்பர் காலை
சாவியைத் திருகியதும் நான்தான்.
முழங்கால் அளவுதானே, மேட்டில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.
காற்று போகிற வழியில் தாமிரபரணி போயிற்று.
பூட்டிய கதவைத் தோளால் இடித்த மாதிரி
ஒரு சத்தம். ஒன்றே ஒன்று.
இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் கேட்டார்:
தண்ணியில நிக்கும்போது ஸ்டார்ட் பண்ணினீங்களா?
பண்ணினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்,
அவருடைய பேனாவால்.

மேலப்பாளையத்துப் பட்டறையில்
பிளாக்கை டீசலில் கழுவி நிமிர்த்தி வைத்திருந்தார்
செய்யது மசூது.
வெரலை விட்டுப் பாருங்க.
ஒன்று வழுக்கியது. இரண்டும்.
மூன்றில் நகம் மாட்டியது.
வளைந்த ராடு
சுவரில் தன் பங்குக்குக் கோடு கிழித்திருந்தது.

போரை இன்னும் பெருசாக்கினா?
போன தடவையே பெருசாக்கியாச்சு. இதுக்கு மேல வெட்டினா
தண்ணி ஓடுற எடம் வந்துரும்.
ஸ்லீவ் போடலாம், இது ஒண்ணுக்கு மட்டும்.
நாலுக்கும் போட்டா?
நாலுக்கும் போட்டா புது வண்டின்னு நெனப்பு வந்துரும்.
போட்டா ஆகுமா அண்ணாச்சி?
ஓடும்.
ஆகுமான்னு கேட்டேன்.
அவர் கேஜைத் துடைத்து
அதன் பெட்டிக்குள் படுக்கவைத்தார்.

மஸ்கட்டிலிருந்து எட்வின்:
சவத்தைத் தூக்கிப் போடு.
உக்கடத்தில பழைய இன்ஜின் நாப்பத்தஞ்சுக்குக் கெடைக்கும்.
கிடைக்கும். அது
எந்தத் தண்ணியில நின்னதோ, யார் சாவியைத் திருகினாளோ.
இதன் காயம் எனக்குத் தெரியும்.

கேஸ் பில்லின் பின்பக்கம் கூட்டினேன்.
ஸ்லீவ், இறக்குகிற கூலி, ராடு, பிஸ்டன், ரிங், கேஸ்கெட்,
பம்ப் சர்வீஸ் மட்டும் பதினோராயிரம்.
மொத்தம் நாற்பத்தொன்று.
எஃப்.சி. இன்னும் இரண்டு வருசம்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி நைட் டூட்டிக்கு
ஆறு நர்சுகள், மாசம் பதினாலாயிரம்.
டீசலைக் கழித்து மறுபடி கூட்டினேன்.
கூட்டும்போதெல்லாம் வேறு வேறு விடை வந்தது.
ஸ்லீவை வாங்கிவிட்டேன்.

ராத்திரி ஃப்ரீசர்ல வைங்க, இங்க கரண்ட் நிக்காது என்றார்.
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
பம்பு செட்டா என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன்.
நெத்திலிப் பொட்டலத்துக்கும் ஐஸ் டிரேக்கும் நடுவே
இரவெல்லாம் நின்றது இரும்பு.
ஜெமிமா தொட்டுப் பார்த்து, விரல் ஒட்டிக் கத்தினாள்.
காலையில் இட்லி வைக்கிற ஹாட்பாக்ஸில்
ஐஸைக் கொட்டிப் புதைத்துப் போனேன்.

அங்கே பிளாக் சூடாகிக் காத்திருந்தது.
செய்யது மசூது இரண்டு கையுறை போட்டிருந்தார்.
வாயருகே கொண்டுபோனார், விட்டார்.
தட்டவே இல்லை, இறங்கிற்று.
சூடு ஆறி அது சுருங்கவும்
குளிர் விட்டு இது விரியவும்
இரண்டு தவ் இறுக்கத்தில் பிடித்துக்கொண்டன.
இனி வெட்டித்தான் எடுக்கணும் என்றார்.
மசூதும் நானும் சிரிக்கவில்லை.
டீ சொன்னார்.

எட்டு மாசம் ஆயிற்று.
சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறும்போது
கண்ணாடியை இறக்கிச் சத்தம் கேட்பேன்.
பின்சீட்டில் அரைத்தூக்கத்தில் சிஸ்டர் ஃப்ளோரிபாய்
கேட்டாள்: லாபமா அக்கா, நட்டமா?

இன்னும் ரெண்டாயிரம் பாக்கி இருக்கு.
ஒண்ணாம் சிலிண்டர் இப்ப ஆயில் குடிக்குது.
அது பழைய தேய்மானம்.
அதை நான் கீறலை.