காந்த முருகன்

விமானி அறை என்கிறது அகராதி.
அறை எங்கே இருக்கிறது?
எபனேசர் மூச்சை உள்ளிழுத்தால்தான்
என் பக்கத்துக் கதவு சாத்தும்.
இரண்டு இருக்கை, பாதிப் பாதிக் கடன்.
அப்துல்லாபுரத்தில் காலை ஏழுக்கே
இருக்கைப் பட்டையின் கொக்கி சுடுகிறது.

இதற்குள் நாங்கள் சேர்த்துவைத்திருந்தவை:
ஆற்காட்டு மக்கன்பேடா டப்பா, காலி.
பள்ளிகொண்டா சுங்கச்சாவடிச் சீட்டுகள்
(வானத்தில் யார் கேட்கப்போகிறார்கள்?)
ஒரு காது போன கறுப்புக் கண்ணாடி,
எந்தப் போனுக்கும் சேராத சார்ஜர்,
மூன்று பேனா, ஒரு பென்சில்.
பேனா எதுவும் எழுதாது.
"இருக்கட்டும் சசிரேகா, தேவைப்படும்" என்பான்.
நானும் அந்தக் கட்சிதான்.

முதலில் பென்சில் காட்டிக்கொடுத்தது.
குடியாத்தத்துக்கு மேலே இடப்பக்கம் சாய்ந்தபோது
உருண்டு போய்ச்
சுக்கான் மிதிக்குப் பின்னால் படுத்துக்கொண்டது.
மிதித்தேன்.
பாதியில் நின்றது கால்.
இரண்டாயிரம் அடியில்
ஐந்து ரூபாய்ப் பென்சில்
எஞ்சினைவிடப் பெரியது.
எபனேசர் பட்டையை அவிழ்த்து, மடங்கி, தலைகீழாகி
எடுத்துவிட்டான்.
எடுத்ததை மறுபடி அதே இடத்தில் வைத்தான்.

அப்புறம் அந்தச் சித்திரை ஞாயிறு.
ஆம்பூரிலிருந்து திரும்புகிறோம்.
புழுதியும் வெயிலும் கலந்து
அடிவானத்தைத் துடைத்துவிட்டிருந்தன.
வலப்பக்கம் இருக்கவேண்டிய ஜவ்வாது மலை
இல்லை.
திசைமானியை நம்பிப் பிடித்துக்கொண்டு வந்தேன்,
முள் அசையவில்லை, நானும் அசையவில்லை.
இடப்பக்கமே வரவேண்டிய பாலாறு
வயிற்றுக்கடியில் குறுக்கே போனது.
தண்ணீர் இல்லாத ஆறுதான்.
ஆனால் மணல் இடம் மாறாது.

"முருகன்" என்றான் எபனேசர்.
அவன் வாயில் வராத பெயர்.
வேண்டுகிறானோ என்று பார்த்தேன்.
விரலை நீட்டிக் காட்டினான்.

ரத்தினகிரி அடிவாரத்தில் நான் வாங்கியது.
கட்டைவிரல் உயரம், மயில், வேல்,
அடியில் காந்தம்.
திசைமானிக்கு நாலு விரல்கடை தள்ளி
நானே பதித்தது, பாதுகாப்புக்கு.
ஒரு மாதமாக அந்த முள்
வடக்கைப் பார்க்கவில்லை,
இவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.
அதைக் குறை சொல்ல முடியுமா?

பெயர்த்தெடுத்துப் பின்னால் போட்டதும்
பதினைந்து பாகை நகர்ந்து நின்றது முள்.
தண்டவாளம் தேடி, அதைப் பிடித்துக்
காட்பாடி வரை போய்
அங்கிருந்து வீடு திரும்பினோம், பேசாமல்.

அன்று மாலை கொட்டகையில்
கோணி விரித்து எல்லாவற்றையும் கொட்டினோம்.
இப்போது பென்சில் பூக்கட்டும் நூலில்
என் தொடைப் பலகையோடு கட்டுண்டிருக்கிறது.
வரைபடம் உள்ளங்கை அளவுக்கு மடிந்தது:
ஆறு, ரயில், மலை, போதும்.
தண்ணீர் பாட்டில் இருக்கைக்குப் பின்னால், வலையில்.
கதவுப் பையை வேண்டுமென்றே காலியாக விட்டேன்.
அது எதற்கு என்று இரண்டு முறை கேட்டான்.
எதற்கும் இல்லை என்று இரண்டு முறை சொன்னேன்.

முருகன் கொட்டகை பீரோவில் நிற்கிறார்,
பெட்ரோல் பில் பறக்காமல் பிடித்தபடி.
நல்ல வேலை, அவருக்கும் பிடித்த மாதிரிதான் தெரிகிறது.

இன்று சரிபார்ப்புப் பட்டியலை
மேலிருந்து விரல் வைத்துப் படிக்கிறேன்.
திசைமானி எண்ணெயில் ஆடி, ஆடி,
தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்லி நின்றது.
எஞ்சினைத் தொடுமுன்
எபனேசர் சட்டைப்பையில் ஏதோ சரசரத்தது.

பேசவில்லை.
கையை மட்டும் நீட்டினேன்.
ஒரு கடலைமிட்டாயும்
இன்றைய சுங்கச்சீட்டும்.